எந்தக் கட்டத்தில் பிழை?

வருமானச் சான்று, சாதிச் சான்று, வைப்புநிதி, கடவுச்சீட்டு, கல்லூரிச் சேர்க்கை ஆகியவற்றுக்கு இன்று நாம் நிரப்பும் படிவம் பெரும்பாலும் காகிதத்தில் இல்லை. கணிப்பொறியின் திரையில் இருக்கிறது. காகிதப் படிவத்தில் ஏதேனும் விடுபட்டிருந்தால், அலுவலக எழுத்தர் அதன் ஓரத்தில் சிவப்பு மையால் ‘7-இல் தந்தை பெயர் எழுதவும்’ என்று குறித்துத் திருப்பி அனுப்புவார். சற்றுக் கடுமையாகக்கூட எழுதியிருப்பார். ஆயினும் குறை எங்கே என்பது விளங்கிவிடும். கணிப்பொறியோ சில வேளைகளில் ‘எஃப்_நேம் செல்லாது’ என்று மட்டும் சொல்லி நின்றுவிடுகிறது. இந்த ‘எஃப்’ யாரைக் குறிக்கிறது? தந்தையின் பெயரையா (ஃபாதர்), விண்ணப்பதாரரின் முதற்பெயரையா (ஃபர்ஸ்ட்)? ஆங்கிலம் அறிந்தவருக்கே ஐயம் எழும். தமிழ்வழியில் எட்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு ஆம்பூர்ப் பக்கம் காலணித் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு பெண் தன் வைப்புநிதிக்கு விண்ணப்பிக்கும்போது இத்தகைய செய்தி வந்தால் என்ன செய்வார்? கட்டணம் கொடுத்துக் கணிப்பொறி மையத்தில் ஒருவரை நாடுவார், அல்லது விட்டுவிடுவார்.

படிவத்தை அமைத்தவர் தமக்குள் வைத்துக்கொண்ட சுருக்கப் பெயர் பொதுமக்களின் கண்ணில் படும்படி எப்படி வெளியே வந்தது? இது இன்றோ நேற்றோ தோன்றிய கோளாறு அன்று. துளை அட்டைக் காலத்திலிருந்தே இதன் வேர் தொடங்குகிறது.

அட்டையின் மேல் ஒரு வெட்டு

1890-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹாலரித் அமைத்த பொறிகள் பயன்பட்டன. ஒவ்வொரு மனிதருக்கும் ஓர் அட்டை. அவரைப் பற்றிய விவரங்கள் அட்டையில் துளைகளாக இடப்பட்டன. 1928-இல் ஐ.பி.எம். நிறுவனம் 80 நிரல்கள் கொண்ட அட்டையைக் கொண்டுவந்தது. ஒரு நிரலில் ஓர் எழுத்தோ ஓர் இலக்கமோதான் இடம்பெறும். ஆகவே பெயருக்கு இத்தனை நிரல், வயதுக்கு இரண்டு நிரல் என்று அட்டையைப் பாத்தி பிரித்தாற்போல் பிரித்துக்கொண்டனர். அப்படிப் பிரித்த ஒவ்வொரு பாத்திக்கும் ஆங்கிலத்தில் ‘ஃபீல்டு’, அதாவது வயல், என்று பெயர். தமிழில் இதைப் ‘புலம்’ என்று கலைச்சொல்லாக்கினோம். (இயற்பியல் கற்பிக்கும் எனக்கு இச்சொல்லில் ஒரு சங்கடம் உண்டு. ‘இந்தப் புலம் கட்டாயமானது’ என்று திரையில் கண்டால், மின்புலமும் காந்தப்புலமும் படிக்கும் மாணவர் என்ன நினைப்பார்? மக்கள் வழக்கில் ‘கட்டம்’ என்றே இருக்கிறது. அதுவே போதும் என்பது என் கருத்து.)

அட்டையில் துளையிடும்போது கைத்தவறு நேரும். அதைக் கண்டுபிடிக்கச் சரிபார்ப்புப் பொறி என்று ஒன்று இருந்தது. இரண்டாவது ஊழியர் ஒருவர் அதே விவரத்தை மீண்டும் தட்டுவார். ஏற்கெனவே உள்ள துளையோடு அவர் தட்டியது பொருந்தாவிட்டால் பொறி நின்றுவிடும். மீண்டும் முயன்றும் பொருந்தவில்லையென்றால், அந்த நிரலுக்கு நேர் மேலே அட்டையின் விளிம்பில் ஒரு சிறு வெட்டு விழும். அட்டை முழுதும் சரியென்றால் வலப்பக்க விளிம்பில் வெட்டு விழும். படிக்கத் தெரியாதவருக்கும் பிழை எந்த இடத்தில் என்று விளங்கிவிடும்! பிழைச் செய்தியின் வரலாற்றில் இவ்வளவு துல்லியமாகச் சுட்டிக்காட்டிய கருவி பின்னர் நெடுங்காலம் வரவில்லை எனலாம்.

ஆறெழுத்துப் பெயர்கள்

மின்னணுக் கணிப்பொறி வந்தபின் விவரங்களுக்குப் பெயர் சூட்ட வேண்டியதாயிற்று. 1957-இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் மொழியில் ஒரு பெயர் ஆறு எழுத்துக்கு மேல் போகக்கூடாது. இதற்குக் காரணம் பொறியிலேயே இருந்தது. அம்மொழி முதலில் எழுதப்பட்ட ஐ.பி.எம். 704 பொறியின் நினைவகத்தில் ஒரு ‘சொல்’ 36 பிட் நீளமுடையது. ஓர் எழுத்துக்கு 6 பிட். 36-ஐ 6-ஆல் வகுத்தால் ஆறு. ஒரு பெயர் ஒரு சொல்லுக்குள் அடங்க வேண்டுமென்று வைத்துக்கொண்டார்கள். சுருக்கப் பெயர் வைப்பதை ஒரு திறமையாகக் கருதும் பழக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம். நினைவகம் மலிந்துபோன பின்னும் அப்பழக்கம் போகவில்லை.

வணிகக் கணக்குகளுக்கென 1960-இல் வகுக்கப்பட்ட கோபால் மொழி வேறு வழியில் சென்றது. கிரேஸ் ஹாப்பர் அம்மையார் முன்னரே உருவாக்கியிருந்த ஃப்ளோ-மேட்டிக் மொழியின் செல்வாக்கு இதில் மிகுதி. கணக்கு எழுதுபவர் படித்துப் புரிந்துகொள்ளும்படி நிரல் இருக்க வேண்டுமென்பது அவருடைய நோக்கம். எனவே கோபாலில் 30 எழுத்து வரை பெயர் வைக்கலாம். இடையில் சிறுகோடும் இடலாம். ‘தந்தை-பெயர்’ என்பதுபோல் விளக்கமான பெயர் வைக்க வழி பிறந்தது.

ஆனால் பெயர் நன்றாயிருந்தும் பயனில்லாமற்போன இடம் ஒன்றுண்டு. ஐ.பி.எம். 1964-இல் அறிவித்த சிஸ்டம்/360 வகைப் பொறிகளில், எண் இருக்க வேண்டிய கட்டத்தில் வெற்றிடமோ எழுத்தோ இருந்து, அதைக் கொண்டு கணக்கிட முயன்றால், வேலை முழுவதும் நின்று ‘எஸ்0சி7’ என்ற குறியீடு அச்சாகும். அதன் பொருளைத் தடித்த கையேட்டில் தேட வேண்டும். ‘தரவுப் பிழை’ என்று இருக்கும். எந்த அட்டையில், எந்தக் கட்டத்தில்? அதை நினைவகத்தின் அச்சுப்படியைப் பக்கம் பக்கமாகப் புரட்டி நாமே கண்டுபிடிக்க வேண்டியதுதான். நிரல் எழுதியவர் சூட்டிய அழகிய பெயர்கள், நிரல் பொறிமொழிக்கு மாறும்போதே கழன்றுவிடுகின்றன. பொறிக்குத் தெரிவது முகவரி எண் மட்டுமே. 1973-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 370/155 நிறுவப்பட்டது. அதுவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பொறிதான். ஓர் அட்டைப் பிழைக்காக மறுபடியும் வரிசையில் நிற்பது அக்காலத்துத் துளை அட்டைக் கூடங்களில் எங்கும் உள்ள நடைமுறை.

1982-இல் பென் ஷ்னைடர்மன் என்னும் அமெரிக்கக் கணிப்பொறி அறிஞர், பிழைச் செய்திகளை எவ்வாறு எழுதுவது என்பதையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டார். கோபால் மொழியின் பிழைச் செய்திகளை மாற்றி எழுதி மாணவர்களிடம் சோதித்ததும் அதில் அடங்கும். எங்கே, என்ன என்று குறிப்பாகச் சொல்லும் செய்தியே பிழை திருத்த உதவுகிறது; ‘சட்டவிரோதம்’, ‘செல்லாது’ போன்ற அதட்டும் சொற்கள் புதியவரை மிரளச் செய்கின்றன என்பது அவர் கூறியதன் சாரம். தமிழில் இது இன்னும் உறைக்கும். பாட்டனார் ஆசையோடு வைத்த பெயரைத் தட்டியவுடன் ‘உங்கள் பெயர் செல்லாது’ என்று திரை சொன்னால் எப்படியிருக்கும்?

ஒரு கட்டத்துக்கு இரண்டு பெயர்

இணையத்தில் படிவம் நிரப்பும் முறை 1995 நவம்பரில் வெளிவந்த எச்.டி.எம்.எல். 2.0 வரையறையில் முறையாக இடம்பெற்றது. நம் சிக்கலின் மையம் இங்கேதான் இருக்கிறது.

படிவத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் உள்ளே ஒரு பெயர் உண்டு. படிவத்தை அனுப்பும்போது அந்தப் பெயரும் அதற்கு நாம் தட்டிய மதிப்பும் ஜோடியாகச் சேவையகக் கணிப்பொறிக்குச் செல்கின்றன. ‘எஃப்_நேம் = முருகன்’ என்பதுபோல. திரையில் அக்கட்டத்தின் அருகே நாம் படிக்கும் ‘தந்தை பெயர்’ என்ற தலைப்போ வெறும் அச்செழுத்து. அது எங்கும் அனுப்பப்படுவதில்லை. ஆகவே பிழையைக் கண்டுபிடிக்கும் சேவையகத்துக்குத் தெரிந்தது உட்பெயர் மட்டுமே. தனக்குத் தெரிந்த பெயரைத்தான் அது சொல்லும். நாம் குழந்தையை வீட்டில் ‘குட்டி’ என்று அழைக்கிறோம். பள்ளிப் பதிவேட்டில் வேறு பெயர். பள்ளியிலிருந்து தகவல் வரும்போது பதிவேட்டுப் பெயரில் வருவதுபோல் என்று கொள்ளலாம்.

1997 டிசம்பரில் வந்த எச்.டி.எம்.எல். 4.0, தலைப்பையும் கட்டத்தையும் இணைக்க ‘லேபிள்’ என்ற உறுப்பைச் சேர்த்தது. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரை வாசிப்பான்கள் ‘இந்தக் கட்டம் எதற்கு’ என்று சொல்ல இது வழிசெய்தது. இவர்களுக்குப் பிழைச் செய்தியில் கட்டத்தின் பெயர் உயிர்நாடி. கட்டத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு போடுவதால் அவர்களுக்கு என்ன பயன்? 2008 டிசம்பரில் வெளியான இணைய அணுகல் வழிகாட்டு நெறிகளின் இரண்டாம் பதிப்பு, பிழை நேர்ந்த உறுப்பு எது என்பதை எழுத்தால் சுட்டி, பிழையை விளக்க வேண்டும் என்பதை அடிப்படை நிபந்தனைகளுள் ஒன்றாக வைத்தது. நம் நாட்டு அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009-இல் வந்தன.

இதற்கிடையே நிரலாளர்களின் வேலையைக் குறைக்கும் கட்டமைப்புகள் தோன்றின. 2004-இல் வெளிவந்த ‘ரெய்ல்ஸ்’ ஒரு சிறிய தந்திரம் செய்தது. ‘டேட்_ஆஃப்_பர்த்’ என்ற உட்பெயரில் அடிக்கோடுகளை நீக்கி, முதலெழுத்தைப் பெரிதாக்கி, ‘டிஸ்ட்ரிக்ட்_ஐடி’ என்றிருந்தால் கடைசி ‘ஐடி’யை வெட்டிவிட்டு, மனிதர் படிக்கும் பெயரைப் போல ஆக்கிக் காட்டியது. 2011-இல் வந்த ‘லாரவெல்’ கட்டமைப்பில் ‘இன்ன கட்டம் தேவை’ என்ற வாக்கியத்தில் ஓர் இடத்தைக் காலியாக விட்டு, அங்கே உட்பெயரைப் பொருத்துவார்கள். அத்துடன், எந்த உட்பெயருக்கு எந்தப் புறப்பெயர் என்று ஒரு பட்டியலும் எழுதிவைக்கலாம். அப்பட்டியலை எழுதினால் ‘தந்தை பெயர்’ வரும். எழுதச் சோம்பினால் அடிக்கோடு நீங்கிய உட்பெயரே வரும். உலகெங்கும் வெளியே வந்துவிழும் அரைகுறைப் பெயர்களில் பெரும்பகுதி, எழுதப்படாத இந்தப் பட்டியலின் விளைவே. பத்து நிமிட வேலை அது.

ஒடுகத்தூர் எத்தனை எழுத்து?

பெயரைச் சொல்வது மட்டும் போதாது, அளவையும் சொல்ல வேண்டும் என்பதற்கு எங்கள் ஊரே நல்ல எடுத்துக்காட்டு.

‘ஒடுகத்தூர்’ என்பதில் எத்தனை எழுத்து? ஒ, டு, க, த், தூ, ர் — ஆறு என்று தொடக்கப் பள்ளிக் குழந்தை சொல்லிவிடும். 1991 முதல் தமிழையும் உள்ளடக்கிய ஒருங்குறியின் கணக்கு வேறு. அதில் உயிர்மெய்யின் குறிகளும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். ஒ, ட, உகரக் குறி, க, த, புள்ளி, த, ஊகாரக் குறி, ர, புள்ளி — ஆகப் பத்து. இவற்றைச் சேமிக்கும் யூ.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட்டு, ஆக முப்பது! எனவே ஊர்ப் பெயருக்கு 25 பைட்டு ஒதுக்கிய தரவுத்தளத்தில் ஆறெழுத்து ஊரான ஒடுகத்தூருக்கு இடமில்லை. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டே ஆதலால், ‘திருவண்ணாமலை’யை ஆங்கிலத்தில் எழுதினால்கூட அது தாராளமாக அடங்கும்.

ஆரக்கிள் தரவுத்தளத்தின் பழைய பதிப்புகளில் இந்நிலையில் வரும் செய்தி 01401 என்ற எண்ணுடையது: ‘உள்ளிட்ட மதிப்பு நிரலுக்குப் பெரியது’. எந்த நிரல்? சொல்லாது. நாற்பது கட்டமுள்ள படிவத்தில் ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். 2003-இல் வந்த 10ஜி பதிப்பில் இதற்குப் பதிலாக 12899 என்ற செய்தி வந்தது. அது நிரலின் பெயரைச் சொல்லும். கூடவே உண்மை அளவு 30, உச்ச அளவு 25 என்ற இரண்டு எண்களையும் தரும். ஆய்வுக்கூடத்தில் ‘விடை தவறு’ என்று எழுதுவதற்கும், ‘விட்டத்தை அளந்தாய், ஆரத்தைப் பிரதியிட வேண்டும்’ என்று எழுதுவதற்கும் உள்ள வேறுபாடு இது. ஆயினும் அது கூறுவது இன்னும் உட்பெயரே, நிரலாளருக்கான செய்தியே. அதை அப்படியே பொதுமக்களுக்குக் காட்டுவது, சமையலறையை வாசலில் வைப்பது போலாகும். தரவுத்தளத்தின் உள்ளமைப்பை அன்னியருக்குக் காட்டுவது பாதுகாப்புக்கும் நல்லதன்று.

முன்னெழுத்தின் கதையும் இத்தகையதே. அரசு ஆவணங்களிலும் பள்ளிகளிலும் முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டுமென்று தமிழ்நாடு அரசு 2021-இல் ஆணையிட்டது. முருகன் மகள் செல்வி ‘மு. செல்வி’ என்று எழுத வேண்டும். முன்னெழுத்துக் கட்டத்தில் ஓரெழுத்து மட்டுமே என்று வரம்பிட்டிருந்தால் ‘ம’ ஏறும். உகரக் குறிக்கு இடமிராது. ‘மு’ என்பது கணிப்பொறிக்கு இரண்டு. ‘எழுத்துகள் மட்டுமே வரலாம்’ என்ற சோதனையும் தமிழை இடறச் செய்யும். ஒருங்குறி வகைப்பாட்டில் புள்ளியும் உயிர்க்குறிகளும் ‘எழுத்து’ அல்ல, ‘குறி’. ஆகவே சரியாக எழுதிய தமிழ்ப் பெயரைப் பார்த்து ‘பெயரில் எழுத்தல்லாதவை உள்ளன’ என்று பொறி புகார் சொல்லும். இங்கே கட்டத்தின் பெயரை எவ்வளவு இனிமையாகச் சொன்னாலும் பயனில்லை, சோதனையே தவறு.

‘மாவட்டம்ஐ’ நிரப்பவும்

இனித் தமிழுக்கே உரிய சிக்கலுக்கு வருவோம். ஆங்கில வாக்கியத்தில் காலியிடம் விட்டு எந்தப் பெயரைப் பொருத்தினாலும் பெயர் மாறாது. தமிழில் வேற்றுமை உருபு சேரும்போது பெயரின் உருவமே மாறுகிறது. ‘… ஐ நிரப்பவும்’ என்று ஒரே வார்ப்பு வைத்துக்கொண்டு சாதாரண முகவரிப் படிவம் ஒன்றை நிரப்பிப் பாருங்கள். பெயர் – பெயரை; மெய்யின் மேல் உயிர் ஏறி முடிந்தது. எண் – எண்ணை; தனிக்குறிலை அடுத்த ஒற்று இரட்டித்தது. தேதி – தேதியை; யகரம் வந்தது. தெரு – தெருவை, வகரம் வந்தது. நாடு – நாட்டை; டகரம் இரட்டித்தது. மாவட்டம் – மாவட்டத்தை. மகரம் போய் ‘அத்து’ச் சாரியை வந்தது. ஆறு கட்டங்களுக்கு ஆறு விதமான புணர்ச்சி! தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் இதற்கென்றே உருபியல் என ஓர் இயல் இருக்கிறது. நிரலாளர் அதைப் படித்திருக்க மாட்டார். விளைவு: ‘மாவட்டம்ஐ நிரப்பவும்’.

பள்ளியில் புணர்ச்சி விதிகளை வேண்டாத சுமை என்று முணுமுணுக்கும் மாணவர்கள் உண்டு. கணிப்பொறிக்கு ஒரு வரி தமிழ் கற்பிக்க முயன்றால் அவ்விதிகளின் பயன் தெரியும்.

இதிலிருந்து தப்ப இரண்டு எளிய வழிகள் உள்ளன. எழுவாயாகவே வைத்து ‘மாவட்டம் விடுபட்டுள்ளது’ என்று எழுதலாம். உருபு தேவைப்படுவதில்லை. அல்லது ‘மாவட்டம் என்ற கட்டத்தை நிரப்புங்கள்’ எனலாம். ‘என்ற’ என்னும் சொல், தன் முன்னே வரும் பெயர் எதுவாயினும் அதை மாற்றாமல் ஏற்றுக்கொள்கிறது. உருபை ‘கட்டம்’ தாங்கிக்கொள்கிறது. இவ்வளவு கச்சிதமான கருவி மொழியிலேயே இருக்கும்போது ‘ஐ’யைத் தொங்கவிட வேண்டியதில்லை.

புறப்பெயரைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். ‘லாஸ்ட் நேம்’ என்பதைக் ‘கடைசிப் பெயர்’ என்று பெயர்த்தால் தமிழருக்கு அது பொருளற்றது. குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் நம்மிடம் பெரும்பாலும் இல்லை. இந்தியக் கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் அக்கட்டத்தை வெறுமையாக விடலாம். முன்னெழுத்தை மட்டும் விரித்தெழுத வேண்டும். வெறுமையை ஏற்காத அயல்நாட்டுப் படிவங்களில்தான் தந்தையின் பெயர் மகனுடைய குடும்பப் பெயராகிவிடுகிறது.

‘மாவட்டம்’ என்ற சொல்லும் எங்கள் பகுதியில் அவ்வளவு எளிதன்று. 1985-இல் ஆம்பூரில் பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் பிறந்தது வட ஆர்க்காடு மாவட்டத்தில். 1989-இல் அது பிரிக்கப்பட்டது. அவர் இருந்த பகுதி பின்னர் வேலூர் மாவட்டம் எனப் பெயர் பெற்றது. 2019-இல் வேலூரும் மூன்றாகப் பிரிந்து, ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குச் சென்றது. ஒடுகத்தூர் வேலூரிலேயே தங்கிவிட்டது. ஊரை விட்டு நகராமலே மூன்று மாவட்டங்களில் அவர் வாழ்ந்துவிட்டார். அவருடைய பள்ளிச் சான்றில் ஒன்று, அடையாள அட்டையில் மற்றொன்று. ‘மாவட்டம் பொருந்தவில்லை’ என்ற செய்தி அவருக்கு எதையும் சொல்லவில்லை. ‘தற்போது வசிக்கும் மாவட்டம்’, ‘பிறந்தபோது இருந்த மாவட்டம்’, ‘சான்றிதழில் உள்ள மாவட்டம்’ என்று பிரித்துச் சொன்னால்தான் விளங்கும்.

தமிழில் வேற்றுமை உருபுகளைத் தவிர்த்தே எல்லாச் செய்திகளையும் எழுதிவிட முடியுமா? சிறு செய்திகளை எழுதலாம். நீண்ட செய்திகளில் வாக்கியம் விறைத்துப்போகும். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைத் தரும் மொசில்லா அமைப்பு 2019-இல் ‘ஃப்ளூயன்ட்’ என்ற முறையின் முதற்பதிப்பை வெளியிட்டது. அதில் ஒரு சொல்லுக்கு ஒரே வடிவம் என்றில்லை. அந்தந்த மொழிக்கு வேண்டிய வேற்றுமை வடிவங்களை மொழிபெயர்ப்பாளரே எழுதிவைக்கலாம். ‘மாவட்டத்தை’, ‘மாவட்டத்துக்கு’, ‘மாவட்டத்தில்’ என்று மூன்றும் பட்டியலில் இருக்கும்; செய்தி தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். நிரலாளருக்கு உருபியல் தெரிய வேண்டியதில்லை. நாற்பது கட்டமுள்ள ஒரு படிவத்துக்கு நாற்பது பெயர், பெயருக்கு மூன்று வடிவம், ஆக 120 சொற்கள். தமிழ் படித்த ஒருவர் உட்கார்ந்தால் ஒரு பிற்பகலில் எழுதி முடிக்கலாம்.